முகில் மாமா வேனில் இல்லை

செம்மேடு, கொல்லிமலை
24 ஜூன் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு நாசியாவின் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காது மிஷினைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டீர்களாமே! முபஷிர் அண்ணன் போனில் சொல்லிச் சிரித்தார். உங்களோடு போனில் பேச முடியாத புண்ணியத்தில்தான் எனக்குக் கையால் எழுதும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கிறது.

நாமக்கல்லை விட்டு மலைக்கு வந்து ஒரு மாதமாகிறது. அவர் பிடித்த கடை பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கிறது. மிளகு சீசன் வரும்வரை குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிச் சேலம் ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்புகிறார். நாங்கள் வந்த அன்று நாற்பதாவது வளைவில் வேனைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. மற்றபடி பிரயாணம் சுகம். எனக்குக் கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை.

கவலையெல்லாம் மெஹ்ரினைப் பற்றித்தான். பள்ளிக்கூடத்தில் அவள் வாயே திறப்பதில்லை. புது இடம், கூச்சம் என்று முதல் வாரம் விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை சுமித்ரா டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவுக்குப் பேச்சு வருமில்லீங்களா?" என்று கேட்டார். எட்டு வயது வரை வாய் ஓயாத பிள்ளையைப் பற்றி இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்ல? வீட்டிலும் கேட்டதற்கு மட்டும்தான் பதில். செல்போனில் தேடித் தேடிப் படித்து, உலகத்தில் உள்ள வியாதியெல்லாம் அவளுக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே ஆறுதல், நீங்கள் எனக்குக் கொடுத்த தகரப்பெட்டி. நீங்கள் புரூஃப் பார்த்த அச்சகத்தின் 'கூட்டாஞ்சோறு சங்கம்' புத்தகங்களில் அதில் இருக்கும் அறுபத்திரண்டையும் அவள் வரிசையாகப் படிக்கிறாள். அந்த ஐந்து பிள்ளைகளும் மாதம் ஒரு மர்மத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் கடைசியில் கூட்டாஞ்சோறு ஆக்குவார்களே, அதை வாசித்துவிட்டுத்தான் மூடுகிறாள். பின்னட்டையில் மீசையோடு முகில் மாமா படம். 'மனதில் உள்ளதை எனக்கு எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுவேன்' என்று சேலம் விலாசம். நேற்று இரண்டு பக்கம் எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, "போஸ்ட் பண்ணிரும்மா" என்று கொடுத்துவிட்டாள்.

அந்த அச்சகம் இருக்கிறதா? முகில் மாமா உயிரோடு இருக்கிறாரா? இல்லையென்றால் நானே பிரித்துப் படித்துவிட்டு அவர் மாதிரி ஒரு பதில் எழுதிவிடட்டுமா? உடனே எழுதுங்கள்.

உங்கள் துஆவை வேண்டும்,
நாசியா


சேலம்
2 ஜூலை 2024

என் கண்ணு நாசியாவுக்கு, ஹாஜிரா பெரியம்மா எழுதுவது. முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, என்னைத்தான் எங்கேயும் விடமாட்டேன் என்கிறது. காது மிஷினைப் போட்டால் பக்கத்து ஊட்டுச் சண்டை கேட்கிறது. கழற்றினால் நிம்மதி.

முதல் விஷயம், கடிதத்தைப் பிரிக்காதே. உறையோடு எனக்கு அனுப்பு.

இரண்டாவது, அச்சகம் போய் அந்த இடத்தில் பைக் ஷோரூம் வந்துவிட்டது. முதலாளி அர்த்தனாரி காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. முகில் மாமா சாகவில்லை. எப்படிச் சாவார்? அவர் ஓர் ஆளாக இருந்தால்தானே! நாங்கள் ஐந்து பேர் முகில் மாமா. ஐந்தில் ஒருத்தி நான். புரூஃப் பார்த்தேன் என்று ஊட்டில் சொல்லிவைத்திருந்தது பாதி உண்மை.

அர்த்தனாரி ஒரு தபால் கார்டில் கதையைச் சுருக்கி எழுதி அனுப்புவார். 'பாழடைந்த மாவு மில், உள்ளே விளக்கு எரிகிறது, பேயில்லை, பதினோரு அத்தியாயம், இருபதாம் தேதி வேண்டும்.' அவ்வளவுதான். பிள்ளைகளை யாரும் அடிக்கக் கூடாது, கடைசியில் சோறு ஆக்க வேண்டும், எழுதியது யார் என்று வெளியே சொல்லக் கூடாது. மாமாவின் மீசை அர்த்தனாரியுடைய மச்சானின் மீசை. அந்த மனுஷன் ஒரு வரி எழுதியதில்லை, ஆனால் பஸ்ஸில் போனால் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுக்கும்.

வருகிற கடிதங்களைப் பிரித்துக்கொண்டு ஆளுக்குக் கொஞ்சம் பதில் எழுதுவோம். பிள்ளை முகில் மாமாவிடம் சொன்னது முகில் மாமாவோடு நிற்க வேண்டும். பெற்றவர்களே வந்து நின்று கேட்டாலும் சொன்னதில்லை. நீயும் கேட்காதே.

மாப்பிள்ளை தவ்ஹீதுக்கு ஸலாம். வேளைக்குச் சாப்பிடு.

ஹாஜிரா பீவி


செம்மேடு
9 ஜூலை 2024

பெரியம்மாவுக்கு ஸலாம். வீட்டில் எல்லோரும் சுகம், எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டு இரண்டு நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை.

நீங்களா! தேங்காய் திருடிய கரடியை எழுதியது நீங்களா? கிணற்றுக்குள் ரேடியோ பாடியது? என் அம்மாவுக்குத் தெரியுமா?

மெஹ்ரின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. ஆனால் பல்புக்கு நேராக ஒருமுறை பிடித்துப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தாள் மடிப்பு அதிகம், ஒன்றும் தெரியவில்லை. பெற்றவள் பெரியம்மா நான். அவள் வாயில் பூட்டு எதனால் விழுந்தது என்று உள்ளே இருந்தால் ஒரு வரி, ஒரே ஒரு வரி எனக்குச் சொல்லக் கூடாதா?

இன்னொன்று. 2002-இல் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானும் முகில் மாமாவுக்கு எழுதினேன். பதில் வந்தது. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை எழுதியது நீங்களா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
நாசியா


சேலம்
19 ஜூலை 2024

நாசியா கண்ணுவுக்கு துஆ.

மெஹ்ரினுக்கு முகில் மாமாவின் பதில் தனி உறையில் வருகிறது. அவள் கையில் கொடு, பிரிக்கும்போது பக்கத்தில் நிற்காதே.

கிழங்கு லோடு இறக்க வந்த லாரி டிரைவர் காளியண்ணனிடம் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். பூண்டு உரித்து வைத்திருக்கிறேன், நல்லெண்ணெயில் வதக்கிச் சாப்பிடு. கருப்பட்டி இருக்கிறது. டப்பாவில் உள்ள லேகியத்தைக் காலை மாலை நெல்லிக்காய் அளவு. தண்ணிக் குடம் தூக்காதே, தவ்ஹீதைத் தூக்கச் சொல். பச்சைத் தண்ணியில் கை வைக்காதே.

இங்கே எல்லோரும் சுகம்.

ஹாஜிரா


செம்மேடு
26 ஜூலை 2024

பெரியம்மா,

ஸலாம். பை வந்து சேர்ந்தது. டப்பாவைத் திறந்ததும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. மெஹ்ரின் பிறந்தபோது நீங்கள் கிண்டித் தந்த அதே பிரசவ லேகியம்.

நான் உங்களுக்கு எழுதியது அசதி என்று மட்டும்தான். மூன்று மாதம் என்றோ, அது நாற்பதாவது வளைவில் வேனில் வைத்தே போய்விட்டது என்றோ யாருக்கும் சொல்லவில்லை. அவருக்கும் எனக்கும் ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் மட்டும்தான் தெரியும். மாமனார் வீட்டுக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கு யார் சொன்னது?

ஒருத்திதான் சொல்லியிருக்க முடியும். என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நான் நினைத்திருந்த ஒருத்தி.

அன்று அடிவாரத்தில் காரவள்ளி தாண்டியதிலிருந்து ஒவ்வொரு வளைவாக எண்ணி, எண்ணி, பேசிக்கொண்டே வந்தாள். 'அம்மா முப்பத்தெட்டு. அம்மா குரங்கு. அம்மா முப்பத்தொன்பது.' எனக்கு இடுப்பில் வெட்டி வெட்டி இழுத்தது. 'கொஞ்சம் வாயை மூடேன்டி' என்று கத்தினேன். அப்படி நான் அவளிடம் அதற்கு முன் கத்தியதே இல்லை. அடுத்த வளைவில் வேனை நிறுத்தினோம்.

அவள் அதைத்தான் எழுதியிருக்கிறாளா? தன்னால்தான் என்று எழுதியிருக்கிறாளா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். சட்டமெல்லாம் அர்த்தனாரியோடு போகட்டும்.

நாசியா


செம்மேடு
17 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு ஸலாம். உங்கள் சுகத்துக்குத் துஆ செய்கிறேன்.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு மலை முழுக்கக் கூட்டம், தபால் தாமதம் என்று முதலில் நினைத்தேன். பிறகு உங்களுக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து முபஷிர் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க. பேனாவை எடுக்கறாங்க, மூடி வெக்கறாங்க" என்றார்.

என் கடிதம் கடுமையாக இருந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். லேகியத்தைத் தினமும் சாப்பிடுகிறேன். உடம்பு தேறியிருக்கிறது.

மெஹ்ரின் மாமாவின் பதிலைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். வீட்டில் கொஞ்சம் பேசுகிறாள், பள்ளியில் இன்னும் இல்லை. சுமித்ரா டீச்சர் பயிற்சிக்காகக் கீழே போய்விட்டார். புது டீச்சருக்கு அவள் பெயரே தெரியுமோ என்னவோ. இரண்டாவது கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். அரிசி டின்னுக்கு மேல் ஒன்பது நாளாக இருக்கிறது. தண்ணீர் கொதிக்கும்போதெல்லாம் அந்த உறையை ஆவியில் காட்டலாமா என்று கை போகிறது. நீங்கள் பதில் எழுதும்வரை அனுப்பவும் மாட்டேன், பிரிக்கவும் மாட்டேன்.

நாசியா


சேலம்
26 ஆகஸ்ட் 2024

நாசியா கண்ணுவுக்கு ஹாஜிரா ஸலாம் சொல்லிக்கொள்வது. எழுத வெட்கமாக இருந்தது, அதுதான் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் உனக்குச் சொல்லாத சட்டம் ஒன்று உண்டு. சொந்த ஊட்டுப் பிள்ளைக்கு முகில் மாமா எழுதக் கூடாது. தெரிந்த கையெழுத்தில் உறை வந்தால் பிரிக்காமல் இன்னொரு முகில் மாமாவிடம் தள்ளிவிட வேண்டும். அர்த்தனாரி அதில் கறார். 'நாளைக்கு அந்தப் பிள்ளை முகத்தப் பாத்தா நீங்க தெரியாத மாதிரி இருக்க முடியாதுங்க' என்பார். என்னாலெல்லாம் முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெஹ்ரின் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் லேகியம் கிண்டினேன். கை தானாகச் செய்தது. பையைக் கொடுத்தனுப்பிய பிறகுதான் உறைத்தது. பிள்ளை சொன்ன ரகசியத்தை ஒரு டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டேன்.

உன் 2002 கடிதமும் என் மேஜைக்குத்தான் வந்தது. 'முகில் மாமா' என்று நீ எழுதும் கோணல் 'மு' எனக்குத் தெரியாதா! பிரிக்கவில்லை. எங்கள் ஐவரில் ஒருவரான மாதேஸ்வரனிடம் கொடுத்துவிட்டேன். நீ என்ன கேட்டாய், அவர் என்ன எழுதினார், இன்றுவரை தெரியாது.

இப்போதும் மாதேஸ்வரனுக்கே அனுப்பியிருக்க வேண்டும். அவர் இருக்கிறார், தாரமங்கலத்தில். ஐந்தில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர். ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. முந்நூறாவது புத்தகத்துக்கு விழா எடுத்தார்கள். யாரய்யா முகில் மாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, இவர் எழுந்துபோய்ப் பொன்னாடையை வாங்கிக்கொண்டார். அதைக்கூட விட்டிருப்பேன். 'பாழடைந்த மாவு மில்' எப்படி எழுதினேன் என்று கால் மணி நேரம் பேசினார். அது நான் எழுதியது. பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அன்றோடு சரி. அந்த வீம்பில்தான் உன் மகள் கடிதத்தை அவருக்குத் தராமல் நானே பிரித்தேன்.

அவள் என்ன எழுதினாள் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஒருமுறை தப்புச் செய்தது போதும். இரண்டாவது கடிதத்தைப் பிரிக்காமல் தாரமங்கலத்துக்கு அனுப்பு. விலாசம் பின்பக்கம்.

ஹாஜிரா


செம்மேடு
7 செப்டம்பர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு ஸலாம். மூவரும் நலம். இந்த முறை அதை மனதோடு எழுதுகிறேன்.

2002-இல் நான் கேட்டது ஒரே கேள்வி. 'எங்கம்மா செத்துப்போயிருவாங்களா?' வீட்டில் யாரைக் கேட்டாலும் பேச்சை மாற்றினார்கள், நீங்களும்தான். வந்த பதிலைப் பார்த்து எழுதுகிறேன்: 'எனக்குத் தெரியாது கண்ணு. தெரியாததைத் தெரிந்தது போல உனக்கு எழுத மாட்டேன். தெரிந்தவர் உன் அம்மா. அவரிடம் கேள். பயமாக இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு கேள்.' கேட்டேன். "ஆமா கண்ணு, அப்படித்தான் தெரியுது" என்றார் அம்மா. அதற்குப் பிறகு பதினேழு நாள் இருந்தார். ஒருவரை ஒருவர் ஏமாற்றாத பதினேழு நாள். உங்கள் எல்லோருக்கும் தெரியாமல் நாங்கள் நிறையப் பேசினோம்.

பொன்னாடை வாங்கியது தப்புதான். ஆனால் அதை எழுதியவர் அவர் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்தத் தாளை மறுபடி படித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மெஹ்ரின் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"மெஹ்ரு, வந்த அன்னைக்கு வேன்ல நீ தூங்கலதான?"

"தூங்கற மாதிரி இருந்தேன்."

"என்ன கேட்டுச்சு?"

"பாப்பா போயிருச்சுன்னு அத்தாகிட்ட சொன்ன. அழுத." கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பேசிட்டே வந்தேனில்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல சாமி. யாரு பேசுனாலும் பாப்பா போவாது. மூணு மாசத்துல சில பாப்பா தங்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அம்மா கத்துனது வலியில. உன் பேச்சால இல்ல."

"முகில் மாமாவும் இதயேதான் எழுதியிருந்தாரு."

"அப்பறம் ஏன் கண்ணு...?"

"மாமா வேன்ல இல்லியேம்மா. அவருக்கு எப்படித் தெரியும்? நீதான இருந்த."

நான் அழுதேன், அவள் அழவில்லை. என் முகத்தைத் துடைத்துவிட்டதில் கன்னமெல்லாம் கீரை. நான் தெரிய வேண்டும் என்று தவித்ததையெல்லாம் அவளிடமே கேட்டிருக்கலாம். இரண்டரை மாதமாக உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரிசி டின் மேல் இருக்கும் கடிதம் இனி வேண்டுமா என்று கேட்டேன். "போஸ்ட் பண்ணு. அது வேற விஷயம்" என்கிறாள்! என்ன வேறு விஷயமோ, தெரியாமலே தாரமங்கலத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எப்படி என்று கேட்டால் "ம்" என்கிறாள். விட்டுவிட்டேன்.

உங்கள்
நாசியா


சேலம்
25 செப்டம்பர் 2024

அருமை நாசியாவுக்குப் பெரியம்மாவின் துஆ. உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருக்கிறோம் என்று நினைத்து நாங்கள்தான் நடித்துக்கொண்டிருந்தோம் போல.

மாதேஸ்வரனுக்கு ஒரு கார்டு போட்டேன். இருபத்தொரு வருஷம் கழித்து என்ன எழுதுவது? 'நாசியாவுக்கு நீங்கள் எழுதியதை இப்போதுதான் அறிந்தேன். நன்றி. மாவு மில் என்னுடையது' என்று எழுதினேன். பதில் வந்திருக்கிறது: 'மாவு மில் உங்களுடையதுதானுங்க, பீவி. அன்றைக்குப் பாதிப் பேச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கத் தெரியவில்லை. கொல்லிமலைப் பாப்பாவுக்குப் பதில் போட்டாயிற்று.'

போகட்டும்.

இப்போது ஒரு வேலை. மெஹ்ரினுக்கு வந்த உறையின் பின்னால் என் கதவு எண்ணையும் தெருவையும் எழுதியிருந்தேன். அதைப் பார்த்து அவள் வகுப்பிலிருந்து பதினாலு கடிதம் வந்திருக்கிறது. அரியூர் நாடு, குண்டனி நாடு என்று மலை முழுக்க முகில் மாமா பரவிவிட்டார். எனக்கு அடுத்த வாரம் கண்புரை ஆபரேஷன். மாதேஸ்வரனுக்குக் கை நடுக்கம், மாதம் ஒன்று இரண்டுக்கு மேல் முடியாது. அதனால் பதினாலையும் உனக்கு அனுப்புகிறேன். அதில் மெஹ்ரின் கடிதம் இல்லை, பார்த்துவிட்டேன். இனி அவள் எழுதினால் தாரமங்கலத்துக்கு. மற்றவர்களுக்கு நீ.

பதில்களை எனக்கு அனுப்பு, சேலம் முத்திரையோடு இங்கிருந்து போகட்டும். யாரிடமும் சொல்லாதே. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதே. மீதியெல்லாம் மீசை.

ஹாஜிரா


செம்மேடு
10 அக்டோபர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு ஸலாம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று முபஷிர் அண்ணன் சொன்னார். கட்டு அவிழ்த்ததும் இதை நீங்களே படிக்க வேண்டும், அண்ணனிடம் கொடுக்காதீர்கள். அவர் முகில் மாமா இல்லை.

கடிதங்களை வாசித்தேன். மாணிக்கம் என்று ஒருவன், 'எங்க ஆட்டுக்கு உங்க பேர் வெக்கலாங்களா?' என்று கேட்டிருக்கிறான். ஒரு பிள்ளை எழுதியதை உங்களுக்குக்கூட எழுத மனம் வரவில்லை. அதற்குப் பதில் எழுத மூன்று நாளாயிற்று.

பன்னிரண்டாவதாகப் பிரித்தது குண்டனி நாட்டு அருணாவின் கடிதம். இதை நீங்கள் பார்க்கலாம், நீங்களும் முகில் மாமாதானே:

'முகில் மாமா நல்லா இருக்கீங்களா. நாங்க நல்லா இருக்கறோம். எங்க பெஞ்சுல மெஹ்ரின்னு ஒரு புள்ள இருக்குது. மொதல்ல பேசவே பேசாது. அப்பறம் எனக்கு மட்டும் காதுல பேசுச்சு. இப்ப எல்லார்த்துகிட்டயும் பேசுது. ரொம்ப பேசுது மாமா. கணக்கு போடவே உட மாட்டிங்குது. புது டீச்சர் என்னையும் சேத்து வையறாங்க. நீங்க சொன்னா அது கேக்கும். கொஞ்சம் வாய மூடச் சொல்லி ஒரு லெட்டர் போடுங்க.'

வாசித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு மணிக்கு மெஹ்ரின் பையை வீசிவிட்டு உள்ளே வந்தாள். "ஸ்கூல்ல என்ன கண்ணு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். நானும் ஒன்றும் தெரியாத மாதிரி டீ கலக்கினேன். அவரிடம்கூடச் சொல்லவில்லை. அர்த்தனாரி ஐயா சொன்னது சரிதான், ரொம்பக் கஷ்டம் பெரியம்மா.

பதில்கள் பதினாலும் இத்துடன். பதிமூன்றை ஒட்டிவிட்டேன். அருணாவினுடையது மட்டும் திறந்திருக்கிறது. சரியா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

உங்கள் கண்ணுக்குத் துஆவோடு,
நாசியா


அன்புள்ள அருணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், மீசையும் நலம். கணக்குப் பாடம் நடக்கும்போது ஜன்னல் பக்கம் நீ உட்கார்ந்துகொள், அந்தப் பிள்ளையை உள்பக்கம் விடு. டீச்சரின் பார்வை அவள் மேலேயே இருக்கும், நீ தப்பித்துக்கொள்ளலாம். வேறு எது வேண்டுமானாலும் கேள், செய்கிறேன். வாயை மூடச் சொல்லி மட்டும் இந்த மாமாவால் அவளுக்கு எழுத முடியாது.

அன்புடன்,
முகில் மாமா